அடுத்த ஆட்டம் புதன்கிழமை

அக்டோபர் 24, 2023, செவ்வாய். உராவா மிசோனோ

தோக்கியோவின் நம்போகு சுரங்க ரயிலில் ஏறி இறங்காமல் உட்கார்ந்திருந்தால், அது வடக்கே சைதாமா மாநிலத்துக்குள் போய் உராவா மிசோனோவில் நிற்கும். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. மிகச் சாதாரணமான புறநகர் நிலையம்தான். ஆனால் ஆட்ட நாள் கூட்டத்துக்கென்றே கூடுதலாக ஒரு நடைமேடை கட்டி வைத்திருக்கிறார்கள். இறங்கியவர்களில் பாதிப் பேர் அலுவலகக் கோட்டு அணிந்திருந்தார்கள். நடந்துகொண்டே கோட்டைக் கழற்றிப் பைக்குள் மடித்து வைத்துவிட்டுச் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். அரங்கம் சேர இருபது நிமிட நடை. இரவுக் குளிர் இதமாக இருந்தது.

உராவா ரெட் டயமண்ட்ஸ் என்கிற கால்பந்துக் கிளப் 1950இல் மிட்சுபிஷி தொழிற்சாலையின் அணியாகத் தொடங்கியது. 1993இல் ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே லீக் பிறந்தபோது இருந்த பத்து கிளப்புகளில் ஒன்று. ஆசியாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கை 2007, 2017, பிறகு இந்த ஆண்டு மே மாதம் என மூன்று முறை வென்றிருக்கிறது. ஆனால் ஜே லீக்கை வென்றது 2006இல் ஒரே ஒரு முறைதான். கண்டத்தையே வெல்லும் அணிக்கு உள்ளூர் லீக் ஏன் கைகூடவில்லை என்ற கேள்விதான் என்னை இங்கே வரவழைத்தது. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை இவர்களுக்கு மூன்று தொடர்களில் முக்கியமான ஆட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ரசிகர்களோடு சேர்ந்து அத்தனைக்கும் போவது என்று கிளம்பிவிட்டேன்.

இன்றைய ஆட்டம் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில், தென் கொரியாவின் போஹாங் ஸ்டீலர்ஸுடன். குழுவில் முதலிடம் பிடித்தால்தான் அடுத்த சுற்று நிச்சயம். இரண்டாமிடம் வந்தால் மற்றக் குழுக்களின் கணக்கையும் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நடப்புச் சாம்பியனாக இருந்தும், உராவா இந்தக் குழுவுக்குள் வருவதற்கே ஆகஸ்டில் ஹாங்காங்கின் லீ மன் அணியுடன் தகுதி ஆட்டம் ஆட வேண்டியிருந்தது.

மே 6 அன்று ஆசிய இறுதி ஆட்டத்தில் சவூதியின் அல் ஹிலாலை வென்ற இரவில் இதே அரங்கத்தில் 53,574 பேர் இருந்தார்கள். இன்று வேலைநாள், குழுச் சுற்று. மேல்தளம் வெறிச்சோடிக் கிடந்தது. ஆனால் வடக்குக் கோல் பின்னாலிருந்து வந்த ஓசையில் ஆள் குறைவு தெரியவில்லை. பறையின் அடி நிற்கவே இல்லை.

எனக்குப் பக்கத்து இருக்கையில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கைபேசியின் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் பேசிக்கொண்டோம். மடியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம். பக்கத்துக்கு ஓர் ஆட்டம். தேதி, தொடரின் பெயர், எதிரணி, முடிவு, கடைசி வரியில் போக்குவரத்துச் செலவு. பிப்ரவரியில் எழுதத் தொடங்கிய புத்தகம் முக்கால் பாகம் நிரம்பியிருந்தது. நான் 700 யென் கொடுத்து வாங்கிய யாகிசோபா ஆறிப் போவதைப் பார்த்து, முதலில் அதைச் சாப்பிடுங்கள் என்று கையால் காட்டினார். நம் பணத்தில் ஏறக்குறைய 390 ரூபாய். முட்டைக்கோசும் இனிப்புக் காரக் குழம்பும் சேர்ந்த நூடுல்ஸ். பசிக்கு நன்றாகவே இருந்தது.

போஹாங் 2, உராவா 0. கொரியர்கள் ஓடிய வேகத்துக்கு உராவாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. பந்து உராவாவிடம் இருந்தது, ஆபத்து எல்லாம் போஹாங்கிடம் இருந்தது. கால்கள் கனத்துப் போயிருப்பது மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது.

அந்த அம்மா முடிவை எழுதினார். பக்கத்தைப் புரட்டி அடுத்த வெற்றுத் தாளின் தலைப்பில் சனிக்கிழமைத் தேதியை எழுதி வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

அக்டோபர் 26, வியாழன். உராவா

ஆட்டம் இல்லாத நாள். உராவா நகரத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

இங்கே விலாங்கு மீன்தான் பேர் பெற்ற உணவு. எதோ எனப்படும் பழைய ஆட்சிக் காலத்தில் நகசெந்தோ பெருவழியில் உராவா ஒரு தங்கல் ஊர். சுற்றிலும் சதுப்பு நிலம், விலாங்குக்குக் குறைவில்லை. வழிப்போக்கர்களுக்குச் சுட்டுக் கொடுத்த வழக்கம் இன்று வரை நிற்கிறது. ரயில் நிலையத்துக்கு வெளியே விலாங்கு மீனுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். நான் போன கடையில், சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏற்றுவோம், நாற்பது நிமிடம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அரக்குப் பெட்டியில் சோறு, அதன் மேல் சோயா சாறு பூசிச் சுட்ட மீன். தோல் லேசாகக் கருகி, உள்ளே வெண்ணெயாய்க் கரைந்தது. மேலே தூவிக்கொள்ள சன்ஷோ மிளகுத்தூள் தனியாகத் தருகிறார்கள். நாக்கு மெல்ல மரத்து, மீனின் கொழுப்பைச் சமன் செய்கிறது. 4,200 யென், அதாவது 2,300 ரூபாய்க்கு மேல். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே விலை கூடியது இதுதான். கொடுத்த காசுக்கு வருத்தமே இல்லை.

பக்கத்து மேசைப் பெரியவர் என் பையில் தொங்கிய சிவப்புத் துண்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஆங்கிலம் தெரிந்தவர். வெளிநாட்டிலிருந்து ரெட்ஸுக்காக வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே குரலைத் தாழ்த்தி, "நாகோயாவில் நடந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும். ஆகஸ்ட் 2 அன்று பேரரசர் கோப்பையில் நாகோயா கிராம்பஸிடம் 0-3 என்று தோற்ற பிறகு, உராவா ரசிகர்களில் ஒரு கூட்டம் தடுப்பைத் தாண்டிப் போய் எதிர் ரசிகர்களோடு மோதியது. அதற்காக அடுத்த ஆண்டின் பேரரசர் கோப்பையில் ஆட இந்தக் கிளப்புக்கே தடை விதித்தார்கள். தண்டனை வீரர்களுக்கும் சேர்த்துத்தான். நாட்டின் மிகப் பழைய கோப்பைப் போட்டி அது. 2021இல் அதை வென்றதால்தான் உராவா ஆசியாவுக்கே போனது, அதன் முடிவில்தான் இந்த மே மாத வெற்றி வந்தது. தங்களை மேலே ஏற்றிவிட்ட ஏணியைத் தாங்களே உடைத்துவிட்டார்கள் என்று பெரியவர் வேதனைப்பட்டார்.

2014ஐயும் நானே எடுத்துப் பேசினேன். அந்த மார்ச்சில் கோலுக்குப் பின்னால் உள்ள ரசிகர் பகுதியின் நுழைவாயிலில், ஜப்பானியருக்கு மட்டும் என்று பொருள்படும் ஆங்கிலப் பதாகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். தண்டனையாக ஷிமிசுவுடனான ஆட்டத்தை ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் ஆட வைத்தார்கள். ஜே லீக் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. கறுத்த தோலோடு அந்த வாயில் வழியே நுழைந்தவன் என்பதால் எனக்கு இது முக்கியம். செவ்வாய் இரவு அங்கே யாரும் என்னை ஒதுக்கவில்லை. பாட்டின் கைத்தாளம் சொல்லித் தந்தார்கள், கொடியின் ஒரு முனையைப் பிடிக்கக் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தப் பதாகையும் இந்தக் கிளப்பின் கதைதான். அதை விட்டுவிட்டு இவர்களின் விசுவாசத்தை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. பெரியவரும் அதையே சொன்னார்.

அக்டோபர் 28, சனி. கஷிமா

தோக்கியோ நிலையத்திலிருந்து நெடுஞ்சாலைப் பேருந்தில் இரண்டு மணி நேரம். பசிபிக் கரையோரத் தொழிற்சாலை ஊர். 1991இல் பிரேசிலின் ஜீகோ இங்கே ஆட வந்திராவிட்டால் வெளியுலகம் இதைக் கேள்விப்பட்டே இருக்காது. அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை நிற்கிறது. காலையில் கஷிமா ஜிங்கூ கோயிலுக்குப் போனேன். வானுயர்ந்த கிரிப்தோமேரியா மரங்கள், ஈரமான நிழல், வேலிக்குள் மான்கள். இந்த ஊர்க் கிளப்பான கஷிமா ஆன்ட்லர்ஸின் சின்னத்தில் உள்ள மான்கொம்பு இந்த மான்களுடையதுதான்.

கஷிமா அரங்கத்துக்குச் சாப்பிடாமல் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கடையிலும் ஒரு பெரிய கொப்பரை. மோட்சுனி என்கிற பன்றிக்குடல் குழம்பு கொதிக்கிறது. மிசோ என்கிற சோயா விழுதும் இஞ்சியும் முள்ளங்கியும் சேர்ந்து மணக்கிறது. குடல் நன்றாக வெந்து வழுக்கிக்கொண்டு போகிறது. நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை வைக்கும் ஆட்டுக்குடல் குழம்பிலிருந்து மிளகாயை எடுத்துவிட்டால் ஏறக்குறைய இதுதான். கடைக்குக் கடை சுவை வேறு. 600 யெனுக்கு ஒரு கிண்ணம் வாங்கினேன், பிறகு வேறு கடையில் இன்னொன்று. எதிரணித் துண்டு என் கழுத்தில் கிடந்தும், இரண்டாவது கடைக்காரப் பெண் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டு, இன்று மட்டும் தோற்றுப் போங்கள் என்று சிரித்தார்.

கஷிமாவும் உராவாவும் ஜே லீக்கின் பழம் பகையாளிகள். இருபது பெரிய பட்டங்கள் கஷிமாவுடையவை. கூட்டம் உராவாவுடையது. ஆட்டம் 0-0. ஜூன் மாதம் சைதாமாவில் இவர்கள் மோதியதும் இதே கணக்குதான். கோல் இல்லாத ஆட்டத்தைச் சலிப்பு என்று சொல்பவர்களுக்கு உராவாவின் ஷோல்ட்ஸும் ஹோய்ப்ரோட்டனும் ஆடுவதைக் காட்ட வேண்டும். ஒருவர் டென்மார்க்கிலிருந்து வந்தவர், மற்றவர் நார்வேக்காரர். லீக்கில் மிகக் குறைவாக கோல் வாங்கும் அணியின் நடு அரண் இந்த இருவர். பந்து எங்கே வரப்போகிறது என்பதை ஷோல்ட்ஸ் எதிரணி முன்வீரனுக்கு முன்பே அறிந்து அங்கே நிற்கிறார். பதறுவதே இல்லை. பிரச்சினை எதிர்ப்பக்கத்தில். கோல் அடிக்கத்தான் ஆள் போதவில்லை. லீக் ஏன் கைகூடவில்லை என்ற என் கேள்விக்கு ஒரு பாதி விடை இந்த ஆட்டத்திலேயே இருந்தது. தோற்காமலிருக்க இவர்களுக்குத் தெரிகிறது, சமனில் முடியும் ஆட்டத்தை வெற்றியாக்கத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் அரங்கத்தைச் சுற்றியுள்ள சாலைகள் அடைத்துக்கொண்டன. பேருந்து நகராமல் நின்றது. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. முன் இருக்கைச் சிறுவன் தந்தையின் தோளில் தூங்கிப் போயிருந்தான். அறைக்கு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது.

நவம்பர் 4, சனி. தோக்கியோ

நவம்பர் என்று நம்ப முடியாத வெயில். தேசிய அரங்கத்துக்கு செந்தாகயா நிலையத்திலிருந்து நடந்தபோது சட்டை நனைந்துவிட்டது. ஒலிம்பிக்குக்காகக் கென்கோ குமா வடிவமைத்த அரங்கம். மேற்கூரை விளிம்புகளில் ஜப்பானின் எல்லா மாநிலங்களிலிருந்தும் கொண்டுவந்த மரத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கான்கிரீட் குவியலாக இல்லாமல் வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன.

ஜே லீக் கிளப்புகளுக்கான லெவெய்ன் கோப்பையின் இறுதி ஆட்டம். உராவாவை எதிர்ப்பது அவிஸ்பா ஃபுகுவோகா. தெற்கே கியூஷூ தீவிலிருந்து வந்த இந்தக் கிளப் பெரிய பட்டம் எதையும் வென்றதில்லை. ஜே லீக்கின் முதல் இரண்டு பிரிவுகளுக்கிடையே ஏறி இறங்கியே பழகிய அணி. ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தம்பதி கருநீலச் சட்டையில் இருந்தார்கள். ஃபுகுவோகாவின் ஹகாத்தா நிலையத்திலிருந்து விடியற்காலையில் ஷின்கான்சென் அதிவேக ரயில் பிடித்து வந்தவர்கள். மென்தாய்கோ என்கிற மீன்முட்டைக் காரம் தடவிய அரிசி அப்பளப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தார்கள். "எங்களுக்கு இது முதல் இறுதி ஆட்டம். உங்களுக்கு இது வழக்கமானது" என்றார் கணவர். பொறாமை இல்லாமல் சொன்னார்.

அரங்கத்தில் 61,683 பேர். சிவப்புப் பக்கம் பெரியது, ஆனால் கருநீலப் பக்கத்தில்தான் இன்று பசி இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் ஃபுகுவோகாவின் மாயே ஹிரோயுகி கோல் போட்டார். முதல் பாதி முடியும் தறுவாயில் தடுப்பாட்டக்காரர் மியா தாய்கி இரண்டாவது கோலைப் போட்டார். இடைவேளைக்குப் பின் ஃபுகுவோகாவுக்கு ஒரு பெனால்டியும் கிடைத்தது. யமகிஷி அடித்த பந்தை உராவா கோல்கீப்பர் நிஷிகாவா ஷூசாகு பாய்ந்து தடுத்தார். அந்த நொடியில் சிவப்புப் பக்கம் எழுப்பிய ஒலி என் மார்புக்கூட்டில் அதிர்ந்தது. சற்று நேரத்தில் அகிமோட்டோ ஒரு கோல் போட்டார், 2-1. அதன் பிறகு உராவா முட்டி மோதியும் ஃபுகுவோகாவின் கதவு திறக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கருநீலப் பக்கத்தில் பெரியவர்கள் குலுங்கி அழுதார்கள். வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர்களின் அழுகை அது. தோற்ற அணியோடு வந்திருந்த எனக்கே கண் கலங்கியது. கால்பந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செல்வமும் கூட்டமும் இல்லாத ஓர் ஊருக்கும் ஒரு நாள் வாய்க்கும்.

வெளிவாயிலில் நோட்டுப் புத்தக அம்மாவைத் தற்செயலாகப் பார்த்தேன். கண்கள் சிவந்திருந்தன. கைபேசியில் தட்டெழுதிக் காட்டினார்: "அடுத்த ஆட்டம் புதன்கிழமை. போஹாங். நீங்கள் வருகிறீர்கள் அல்லவா?"

இரவு செய்தியில் பார்த்தேன். இதே சனிக்கிழமை, கொரிய எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஜான்புக்கை 4-2 என வென்று போஹாங் கோப்பையை எடுத்திருக்கிறது. ஒரே நாளில் ஓர் அணிக்குக் கோப்பை, இன்னோர் அணிக்குக் கண்ணீர். நான்கே நாளில் இரண்டும் மறுபடி எதிரெதிரே.

நவம்பர் 7, செவ்வாய். பூசான் வழியாகப் போஹாங்

தோக்கியோவில் இன்று 27.5 டிகிரி. நூறு ஆண்டுகளில் நவம்பர் மாதத்தில் இத்தனை வெப்பம் பதிவானதில்லை என்று விமான நிலையத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். மெல்லிய பருத்திச் சட்டையோடு விமானம் ஏறினேன். பூசானில் இறங்கியபோது என் பெட்டி வரவில்லை. குளிர்ச்சட்டை அதற்குள். நாளை இரவு கொண்டுவந்து சேர்ப்பதாக விமான நிறுவன ஊழியர் எழுதிக் கொடுத்தார். போஹாங் போகும் பேருந்துக்காக வெளியே நின்றபோதே கடற்காற்று எலும்பைத் தொட்டது. கொரியாவில் அதற்குள் குளிர் இறங்கிவிட்டிருக்கிறது.

போஹாங்கில் கைபேசி வரைபடமும் கைவிட்டது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வரைபடம் கொரியாவில் நடை வழி காட்டுவதில்லை. உள்ளூர்ச் செயலிதான் வேண்டும். இருட்டில் முகவரித் தாளைக் காட்டிக் கேட்டதும், பள்ளிச் சீருடையில் இருந்த இரண்டு மாணவிகள் தாங்கள் போக வேண்டிய திசையை விட்டுவிட்டு விடுதி வாசல் வரை கூடவே வந்தார்கள். நன்றி சொல்லி முடிப்பதற்குள் குனிந்து வணங்கிவிட்டு ஓடிவிட்டார்கள்.

விடுதி நடத்தும் அம்மா என் சட்டையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் கணவரின் பஞ்சு வைத்த கறுப்புக் கோட்டை எடுத்துவந்து தோளில் போட்டுவிட்டார். நெஞ்சில் உருக்காலைப் பெயர் தைத்திருந்தது. இந்த ஊரே போஸ்கோ உருக்காலையால் வாழும் ஊர், கிளப்பும் அதன் பிள்ளைதான். எதிரணி ரசிகன் என்று சைகையில் சொன்னேன். கோட்டுக்கும் கால்பந்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோலக் கையை வீசினார்.

நவம்பர் 8, புதன். போஹாங்

காலையில் ஜுக்தோ சந்தை. கிழக்குக் கடலின் மீன் அத்தனையும் தரையில் தொட்டி தொட்டியாக நீந்துகிறது. பனி நண்டுகள் ஆவியில் சிவக்கின்றன. இந்த ஊரின் குளிர்காலப் பண்டம் குவாமெகி. மீனைக் கடற்காற்றில் தொங்கவிட்டு, உறைந்தும் உருகியும் அரைகுறையாக உலர வைக்கிறார்கள். முன்னாளில் ஹெர்ரிங், இப்போது பெரும்பாலும் சௌரி. கடற்பாசித் தாள், முட்டைக்கோசு இலை, பச்சைப் பூண்டு, மிளகாய், புளிப்புக் காரத் துவையல் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி ஒரே வாயில் போட வேண்டும். எண்ணெய் வடியும் கருவாட்டு வாசம். இது எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கு இரண்டாவது வாயிலேயே பிடித்துவிட்டது. சின்னத் தட்டு 15,000 வோன், 950 ரூபாய் வரும். கடைக்காரர் என் கோட்டில் இருந்த ஆலைப் பெயரைப் பார்த்துவிட்டு மீன் சூப்பைக் காசில்லாமல் வைத்தார். விளக்கிச் சொல்ல எனக்கு மொழி இல்லை. அவர் முகத்தின் மகிழ்ச்சியைப் பார்த்தால் சனிக்கிழமைக் கோப்பையை இன்னும் கொண்டாடிக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

மாலையில் ஸ்டீல்யார்டு. 1990இல் திறந்தது. கொரியாவில் கால்பந்துக்கென்றே கட்டிய முதல் அரங்கம். ஓடுபாதை இல்லாததால் புல்லின் மணம் இருக்கைக்கே வருகிறது, வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் கேட்கிறது. சைதாமாவின் பிரம்மாண்டத்தைவிட இந்தச் சின்ன அரங்கம் எனக்கு நெருக்கமாக இருந்தது. இரண்டு கிளப்புக்குமே சிவப்பும் கறுப்பும்தான் நிறம். மூலையில் உராவாக்காரர்களுக்கு ஒதுக்கிய பகுதி. வேலைநாளில், கடல் தாண்டி, தோற்ற வாரத்தில் வந்தவர்கள். கல்லூரி மாணவர்கள், கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி, வரிசையின் ஓரத்தில் நோட்டுப் புத்தக அம்மா. என்னைப் பார்த்ததும் இடம் ஒதுக்கினார். உருக்காலைக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தன் சிவப்புத் துண்டை அதன் மேல் சுற்றிக் கட்டினார்.

முதல் பாதியில் ஹோஸே கான்டே கோல் போட்டபோது, அந்த மூலை முழுவதும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். கினி நாட்டு முன்வீரர், இந்தப் பருவத்தில் உராவாவுக்கு கோல் தேவைப்படும்போதெல்லாம் தோள் கொடுத்தவர். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வெகுநேரம் நின்றது. பிறகு ஒரு பெனால்டி, ஜெகா சமன் செய்தார். சமனில் முடிந்தாலாவது நம்பிக்கை மிஞ்சும் என்று எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூடுதல் நிமிடங்களில் கிம் இன்-சுங் இரண்டாவது கோலைப் போட்டார். 2-1. போஹாங்குக்கு நான்கு ஆட்டத்தில் நான்கு வெற்றி, குழுவில் முதலிடம் உறுதி. உராவாவுக்கு நான்கில் நான்கு புள்ளி.

எனக்குக் கோபம் வந்தது. வீரர்கள் மேல் அல்ல. சனிக்கிழமை இறுதி ஆட்டம், புதன்கிழமை வேறு நாட்டில் வாழ்வா சாவா ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை லீக்கில் முதலிடத்தில் உள்ள அணியோடு மோதல். இந்த அட்டவணையை எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது இந்த மூலையில் வந்து உட்கார்ந்து, எண்பதாவது நிமிடத்தில் ஒரு வீரன் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்குவதைப் பார்க்க வேண்டும்.

ஆட்டம் முடிந்து வீரர்கள் எங்கள் மூலைக்கு வந்து தலை வணங்கினார்கள். பாட்டு நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது. பலர் அங்கிருந்து நேரே பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள். காலை விமானம், மதியம் அலுவலகம். என் பெட்டி இரவு பதினொரு மணிக்கு விடுதிக்கு வந்து சேர்ந்தது. கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா அதை வாங்கி மடித்துவிட்டு, சூடான பார்லித் தேநீர் கொடுத்தார்.

நவம்பர் 10, வெள்ளி. பூசான்

பன்றி எலும்பு சூப்பில் சோறு, 9,000 வோன். மழை. நாள் முழுக்கத் தூங்கினேன்.

நவம்பர் 12, ஞாயிறு. சைதாமா

ஐந்து நாளுக்குள் தோக்கியோ கோடையிலிருந்து குளிர்காலத்துக்குத் தாவிவிட்டது. மூச்சு வெண்புகையாகிறது. அரங்கத்துக்கு வெளியே சூடான மிசோ சூப்புக்கு நீண்ட வரிசை.

விஸ்ஸெல் கோபே லீக்கில் முதலிடத்தில் 62 புள்ளிகளோடு வந்திருக்கிறது. உராவாவிடம் 54. இன்றையதைச் சேர்த்து மூன்று ஆட்டங்கள் மிச்சம். வென்றால் நூலிழை நம்பிக்கை, இல்லையென்றால் லீக் இந்த ஆண்டும் போயிற்று. வடக்குப் பகுதி முழுவதும் சிவப்புக் கொடிகள். அக்டோபரில் போஹாங்குடன் ஆடிய இரவில் காலியாகக் கிடந்த மேல்தளம் இன்று நிறைந்திருந்தது.

எழுபதாவது நிமிடம் வாக்கில் கோபேயின் தூலெர் கோல் போட்டார். கூடுதல் நிமிடங்களில் கான்டே சமன் செய்தார். அரங்கம் வெடித்தது. சமன் போதாது, வெற்றிதான் வேண்டும். கடைசியில் கிடைத்த ஒரு ஃப்ரீ கிக்குக்கு நிஷிகாவா தன் கோலைக் காலியாக விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடி வந்தார். பந்து கோபே கோல்கீப்பர் கையில் விழுந்தது. அவர் தூக்கி அடித்ததை ஓசாகோ யூயா எடுத்து, தொலைவிலிருந்தே ஆளில்லாத வலைக்குள் உருட்டிவிட்டார். 1-2.

நிஷிகாவாவைக் குறை சொல்பவர்கள் இருப்பார்கள். நான் அவர் பக்கம். ஒரு புள்ளியால் எதுவும் ஆகாத நாளில் முப்பத்தேழு வயதுக்காரர் எழுபது மீட்டர் ஓடி வந்தார். லெவெய்ன் இறுதியில் பெனால்டியைத் தடுத்து அணியை ஆட்டத்தில் நிறுத்தி வைத்ததும் அதே ஆள்தான்.

லீக்கில் பட்டம் கைநழுவிவிட்டது. ஆசியாவில் முதலிடம் போய்விட்டது, லெவெய்ன் கோப்பை போய்விட்டது, பேரரசர் கோப்பை ஆகஸ்டிலேயே போய்விட்டது. நான் பார்த்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட உராவா வெல்லவில்லை. என் கேள்வியின் மறுபாதி விடையும் இதில் இருக்கிறது. ஆசியக் கோப்பையை ஒரு சில இரவுகளில் உயிரைக் கொடுத்து வென்றுவிடலாம். லீக்குக்கு முப்பத்து நான்கு வாரங்களிலும் கால்கள் புதிதாக இருக்க வேண்டும். எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் தட்டுகிற அணிக்கு அது வாய்ப்பதில்லை. கோபே இந்த ஆண்டு ஆசியாவில் ஆடவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நோட்டுப் புத்தக அம்மா நிலையம் வரை கூட நடந்தார். டிசம்பர் 6 ஹனோய்க்கு விமானம் எடுத்தாயிற்று, அதன் பிறகு கிளப் உலகக் கோப்பைக்கு ஜெத்தா என்றார். சவூதியில் குளிருமா என்று என்னிடம் கேட்டார். இரவில் ஒரு மெல்லிய சால்வை போதும் என்றேன்.

டிசம்பர் 16, சனி. ஊர் திரும்பிய பிறகு

வியட்நாமிலும் உராவா 1-2 என்று தோற்றது. அத்தோடு ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறிவிட்டது. ஜே லீக்கில் 57 புள்ளி, நான்காமிடம். முப்பத்து நான்கு ஆட்டத்தில் வாங்கியது 27 கோல் மட்டுமே, லீக்கிலேயே குறைவு. பயிற்சியாளர் ஸ்கோர்ஷா விடைபெறுகிறார். கான்டே ஓய்வு பெறுகிறார்.

நேற்றிரவு ஜெத்தாவில் மெக்சிகோவின் லியோனை 1-0 என்று வென்றார்கள். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அலெக்ஸ் ஷால்க் அடித்த கோல். காலையில் அந்த அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. நோட்டுப் புத்தகத்தின் பக்கம், முடிவு சிவப்பு மையில், கடைசி வரியில் விமானக் கட்டணம். அதை ரூபாயில் மாற்றிப் பார்த்து மலைத்துப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மான்செஸ்டர் சிட்டியோடு அரையிறுதி. வென்றால் இறுதி, தோற்றால் மூன்றாமிடத்துக்கான ஆட்டம். எப்படியும் இன்னும் இரண்டு ஆட்டங்கள் உண்டு. பிப்ரவரியிலிருந்து எல்லாத் தொடர்களையும் கூட்டினால் அதோடு 60 ஆகிறது. புத்தகத்தில் தாள் போதவில்லை, ஜெத்தா கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறார்.